சேற்றில் ஓட ஒரு பழைய ஜீப்: டெல்டாத் தம்பிகளுக்கு

ஊட்டிக்காரரும் இடுக்கிக்காரரும் சொல்லும் யோசனையை வைத்துக்கொண்டு தஞ்சாவூரில் ஜீப் வாங்காதே, தம்பி. ஃபோர் வீல் டிரைவ் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் ஏற்றம், பாறை, கொண்டை ஊசி வளைவு என்று ஆரம்பிப்பார்கள். நம் பக்கம் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை தரை இறங்குவது கண்ணுக்கே தெரியாது. நமக்கு வரும் தொல்லை களியும் தண்ணீரும். கடலோரம் போனால் உப்பும் சேரும். இந்த மூன்றுக்கும் எது தாங்கும் என்று பார்த்து வாங்குவது வேறு கணக்கு. பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்தே முடி நரைத்தவன் என்ற உரிமையில் அந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

1. எந்த வண்டி என்று கேட்பதற்கு முன்னால், எந்த மாதம் ஓட்டப் போகிறாய் என்று கேட்டுக்கொள். வழக்கப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவார்கள். சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்தால் வாய்க்கால் கரையெல்லாம் இறுகிவிடும். வைகாசி வரை அதில் டிவிஎஸ் எக்ஸ்எல் போகும், பழைய பொலேரோ போகும். அதற்கு ஃபோர் வீல் வேண்டியதில்லை. ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து குறுவை நட்டு, பிறகு சம்பாவும் தாளடியும் ஆகி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்போதுதான் கரை களியாக மாறும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் உனக்கு இந்த வண்டி.

அடுத்தது, எந்த மண். மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் ஒட்டும் களி. கொள்ளிடம் படுகையில் மேலே வண்டல், கீழே மணல். பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளில் மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடியும். வேதாரண்யம் பக்கம் மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும் உப்புத் தரைக்குக் கீழே உளை இருக்கும்; மனிதன் நடக்கலாம், வண்டி இறங்கினால் அச்சு வரை போய்விடும். இந்த நான்குக்கும் ஒரே வண்டி, ஒரே டயர் சரிவராது. நீ அதிகம் போகும் மண் எது என்று முடிவு செய்.

வயல் வேலைக்கு என்றால் ஜீப்பே வேண்டாம். உரமூட்டை ஏற்ற, நாற்றுக்கட்டு கொண்டுபோக வீட்டில் டிராக்டர் இருக்கிறது, இல்லாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆசைக்கு வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்கு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் மட்டும் விவசாயத்துக்கு என்று பொய் சொல்லாதே.

2. களியில் குதிரைசக்தியைவிட எடைதான் முக்கியம். இதை ஒத்துக்கொள்ள இளவட்டங்களுக்கு மனசே வராது. பாறையில் ஏற சக்தி வேண்டும். சேற்றில் அதே சக்தி சக்கரத்தைச் சும்மா சுழற்றிக் குழி தோண்டும். இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும் ஃபார்ச்சூனர் புதையும் இடத்தில், ஒரு டன்னை ஒட்டி நிற்கும் மாருதி ஜிப்சி மெல்ல நகர்ந்து போய்விடும். அப்படியே ஜிப்சி மாட்டினாலும் நாலு ஆள் சேர்ந்து தள்ளினால் வந்துவிடும். ஃபார்ச்சூனர் மாட்டினால் ஜேசிபிக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

அதனால் வண்டி பார்க்கும்போதே எடையைக் கேள். விற்பவர் மாட்டியிருக்கும் இரும்பு பம்பர், கூரைமேல் கேரியர், பின்னால் ஏணி, வின்ச் எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிக்கொள். அதெல்லாம் படத்துக்கு அழகு; களியில் சுமை.

3. இனி வண்டிகள். நம் பக்கம் கைக்குக் கிடைப்பதை மட்டும் சொல்கிறேன்.

பழைய மகேந்திரா ஜீப்பில் தொடங்கலாம். சுதந்திரம் வந்த காலத்தில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்த கம்பெனி அது. பிறகு இங்கேயே செய்த சிஜே-3பி, அதன் பிறகு பியூஜோ டீசல் இன்ஜின் போட்ட எம்எம்-540 என்று வரிசையாக வந்தன. மிராசுதார் வீட்டுக் கொட்டகைகளில் இன்றும் ஒன்றிரண்டு தார்ப்பாய்க்குள் தூங்குகின்றன. நல்ல சேசிஸ் கிடைத்தால் இதைவிட எளிய வண்டி கிடையாது. லேத் பட்டறையும் வெல்டிங்கும் இருக்கும் எந்த ஊரிலும் ஓட வைத்துவிடலாம். ஆனால் இதை வாங்குகிறவன் வாரம் ஒருநாள் கையில் ஸ்பானர் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். அப்பா வாங்கித் தருகிறார், மெக்கானிக் பார்த்துக்கொள்வான் என்கிற ஆளுக்கு இது ஆகாது.

ஜிப்சி 1985 கடைசியில் வந்தது. முதலில் 970 சிசி, 1996-க்குப் பிறகு 1300 சிசி, 2000-க்குப் பிறகு கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ. களிக்கு இதுதான் என் கட்சி. எடை குறைவு, உடல் ஒடுக்கம், கரைமேல் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும். குறை என்றால் பெட்ரோல் குடிக்கும், பின்சீட்டில் உட்கார்ந்தவர் திட்டுவார். முன்சக்கரத்தின் நடுவில் பூட்டித் திறக்கிற ஹப் இருக்கும். அதைக் கையால் திருப்பிப் பார். பல வண்டிகளில் துருவேறி இறுகிப்போய் வெறும் அலங்காரமாக இருக்கும். அந்த ஹப் பூட்டாமல் உள்ளே எந்த லிவரைப் போட்டாலும் முன்சக்கரத்துக்கு இழுவை போகாது.

2010-இல் வந்த தார், இரண்டு வகை. டிஐ இன்ஜின் வண்டிக்குச் சக்தி குறைவு, ஆனால் நம்மூர் டீசலுக்குத் தாங்கும். சிஆர்டிஇ 105 குதிரைசக்தி, ஓட்ட இனிமை, ஆனால் டீசலில் தண்ணீரோ தூசோ கலந்தால் இன்ஜெக்டர் போய்விடும். பம்புசெட்டுக்கு வாங்கி வைத்த பேரல் டீசலை இதில் ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. விற்பவர் வீட்டுக் கொட்டகையில் பேரல் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிட்டு, டீசல் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல். 2015-க்குப் பிந்தைய சிஆர்டிஇயில் பின் டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு வந்தது. அந்த வருஷத்துக்குப் பிறகு என்றால் கூடுதலாகக் கொடுக்கலாம்.

2020 அக்டோபரில் வந்த புதுத் தார் வசதியான வண்டி. விலையும் அப்படியே. 2023-இல் வந்த ஜிம்னி, ஜிப்சியின் குணத்தைப் பாதி வைத்திருக்கிறது. பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதே. ஃபோர்ஸ் கூர்காவில் முன்னும் பின்னும் பூட்டு உண்டு, வேறு யாரும் அந்த விலைக்குத் தரவில்லை. ஆனால் உதிரி வேண்டும் என்றால் காத்திருக்கப் பழகு. இசுசு வி-கிராஸ் நீளம் அதிகம். நம் கரைகளில் திருப்ப இடம் தேடிக்கொண்டே போக வேண்டும்.

4. பார்க்க ஜீப்பாக இருப்பதெல்லாம் ஃபோர் வீல் இல்லை. மேஜர், கமாண்டர், மார்ஷல் என்று ஓடிய மகேந்திரா வண்டிகளில் பாதிக்கு மேல் பின்சக்கர இழுவைதான் என் கண்ணில் பட்டது. தார் டிஐயிலும் டூ வீல் டிரைவ் வந்தது. புதுத் தாரில் 2023 ஜனவரி முதல் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி வருகிறது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஸ்டிக்கரை நம்பாதே. உள்ளே இரண்டாவது லிவர் இருக்கிறதா பார். பிறகு கீழே குனிந்து, முன் ஆக்சில் நடுவே டிஃபரன்ஷியலும், அதற்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டும் இருக்கின்றனவா பார். ஆட்டம் கொடுக்கிறது, சத்தம் வருகிறது என்று அந்த ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்டு, லிவரை மட்டும் விட்டு வைத்திருக்கும் வண்டிகள் உண்டு.

5. மேலே பார்ப்பதற்கு முன் கீழே படு. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வண்டி பார்க்கப் போகாதே. பழைய சாக்கு ஒன்று, டார்ச் ஒன்று, சின்னச் சுத்தியல் ஒன்று எடுத்துக்கொள். பெயிண்டும் சீட்டும் இரண்டு வாரத்தில் புதிதாக்கக்கூடியவை. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் மணமேடைக்குப் போகும் வண்டி மாதிரிதான் நிற்கும். சேசிஸ் போனது போனதுதான்.

சேசிஸை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உள்ளே தின்றுபோனது மந்தமாகச் சொல்லும். ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடம், பின் குறுக்குச் சட்டம் மூன்றிலும் நின்று பார். வெல்டிங் போட்டுத் தகடு ஒட்டிய தடம் இருந்தால் ஏன் என்று கேள். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து மினுமினுவென்று இருந்தால் இன்னும் கூர்ந்து பார். விற்பதற்கு முந்தின வாரம் அடிப்பக்கத்துக்குக் கறுப்பு அடிக்கிறவர் எதையோ மூடுகிறார்.

டெல்டா வண்டிக்கு வரும் துருவுக்கு இரண்டு ஊற்று. ஒன்று கடல். டிஎன்-51 என்று நாகப்பட்டினம் எண் போட்ட வண்டி என்றால் எந்த ஊரில் நின்றது என்று விசாரி. உப்பளத்துக்கும் மீன் ஏற்றவும் போன வண்டி அடித்தட்டு முழுக்கத் தின்றுபோயிருக்கும். இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை: உரம். பொட்டாஷும் யூரியாவும் சிந்திய பின்தளத்தில் மழைத் தண்ணீர் பட்டால், கடற்கரை வண்டியைவிட வேகமாக இரும்பு அரிக்கும். பின் சீட்டுக்குக் கீழே, தளத்தின் மடிப்புகளில் விரலை விட்டுப் பார். வெள்ளைப் பூப்பு இருந்தால் உரமூட்டை ஏறிய வண்டி.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. அறுவடைக் களத்தில் ஓடிய வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றி வைக்கோல் முறுக்கிக்கொள்ளும். அது மெல்ல மெல்லப் பினியன் ஆயில் சீலை அறுத்துவிடும். அந்த இடத்தில் எண்ணெய் கசிந்து தூசு படிந்து மொத்தையாக இருக்கும். சீல் விலை அற்பம்; ஆனால் எண்ணெய் வடிந்தது தெரியாமல் ஓட்டியிருந்தால் உள்ளே கிரௌனும் பினியனும் போயிருக்கும். ரேடியேட்டரையும் பார். இடுக்குகளில் வைக்கோல் தூசு அடைத்து, சூடு ஏறி, இன்ஜின் ஒருமுறை ‘உட்கார்ந்த’ வண்டியா என்று கேள்.

6. டிஃபரன்ஷியலில் எண்ணெய் ஊற்றும் நட்டைக் கழற்றி, சுண்டுவிரலை விட்டு எடு. முன்னும் பின்னும், இரண்டும். எண்ணெய் எண்ணெயாக இருந்தால் சரி. வெளிறிப்போய்ப் பால் கலந்த நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டி முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கும், மூச்சுக்குழாய் அடைத்திருக்கும்; சூடான ஹவுசிங் சட்டென்று குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். விரலில் இரும்புத் தூள் மினுக்கினால் பேரம் பேசாதே, திரும்பி வா. கியர்பாக்ஸுக்குப் பின்னாலிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதே சோதனைதான். பழைய ஜீப்பிலும் ஜிப்சியிலும் முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும் உருண்டை போல ஒரு நக்கிள் இருக்கும். அதன் சீல் கிழிந்து கிரீஸும் தண்ணீருமாக ஒழுகினால் உள்ளே பேரிங் வேலை காத்திருக்கிறது.

நட்டைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாரா? அதுவே பதில்.

7. ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போ. நீ வருவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படு. ஸ்டார்ட் செய்ததும் வரும் புகையைப் பார்: நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் மூச்சு விடுவதுபோல் புகை தள்ளினால் இன்ஜின் கட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

பிறகு தார் ரோடு வேண்டாம், ஒரு மண் களத்துக்குக் கொண்டுபோகச் சொல். ஃபோர் வீல் போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் போய், மெதுவாக முழு ஒடிப்பு ஒடி. வண்டி ஏதோ பிடித்து நிறுத்துவதுபோல் முரண்டு பிடிக்க வேண்டும். வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று இழுக்கும். அந்த முரண்டு இல்லையென்றால் முன்பக்கத்துக்கு இழுவை போகவில்லை என்று அர்த்தம். இதே காரணத்தால்தான் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பக் கூடாது. மண்ணில் டயர் சறுக்கிக் கொடுக்கும், தாரில் சறுக்க முடியாமல் பல் சக்கரங்கள்மேல் பாரம் ஏறும்.

அடுத்து, வண்டியை நிறுத்தி ‘லோ’ போடு. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி நடக்க வேண்டும். கொஞ்சம் வேகம் கொடுத்துவிட்டுச் சட்டென்று காலை எடு. லிவர் தானாக நியூட்ரலுக்கு எகிறினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்திருக்கிறது. பாதிப்பேர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. ஐந்தாவது கியரில் பைபாஸில் நூறு தொட்டுவிட்டு, சூப்பர் வண்டி என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

8. டிஃபரன்ஷியல் பூட்டு எதற்கு என்று புரிந்துகொண்டு கேள். ஃபோர் வீல் என்றால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்று நினைக்கிறாய். சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ அதைச் சுற்றவிடும். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் களியில் வழுக்கினால், கெட்டித் தரையில் நிற்கும் மற்ற இரண்டும் சும்மா நிற்கும். வாய்க்கால் கரையில் ஒரு பக்கச் சக்கரங்கள் சரிவில் இறங்கும்போது இதுதான் நடக்கும். பின்பக்கம் மட்டும் பூட்டு இருந்தாலும் அந்த ஆக்சிலின் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், பாதிக் கஷ்டம் தீரும். பிரேக்கைத் தானே பிடித்துச் சமாளிக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடு புது வண்டிகளில் இருக்கிறது. ஆழமான சேற்றில் அது தடுமாறும்.

ஆனால் ஒன்று. கரைமேல் வண்டி பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தால் ஃபோர் வீலும் காப்பாற்றாது, பூட்டும் காப்பாற்றாது. நான்கு சக்கரமும் சேர்ந்து வாய்க்காலுக்குப் போகும். மழைநாளில் இரண்டு பக்கமும் சரிந்த கரையில் ஏறாதே. டயரையும் உன் காலையும் தவிர வேறு எதுவும் அங்கே உதவாது.

9. மூழ்கிய வண்டியைக் கண்டுபிடி. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கியவை, 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் மூழ்கியவை எல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறாய்? துடைத்து, காயவைத்து, தூரத்து ஊர்களில் விற்கப்பட்டவையும் அதில் உண்டு. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா பார். கால்மிதிக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கு. சீட் நட்டுகள் துருப்பிடித்திருந்தால், முகப்பு விளக்குக்குள் ஈரம் படிந்திருந்தால் விட்டுவிடு. கம்ப்யூட்டர் வைத்த வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பழைய எம்எம்-540 மூழ்கியிருந்தால் எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றி, பேரிங் பார்த்து ஓட்டலாம்.

எலியும் உண்டு. நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் நின்ற புதுத் தாரா? பானெட்டைத் திறந்து ஒயர்க்கட்டைப் பார்.

10. டயர். டெல்டாவில் வண்டியைவிட டயர்தான் பாதி வேலை செய்யும். களி டயர்க் கட்டையின் இடுக்கில் அடைத்துக்கொண்டால் எந்த டயரும் மொட்டை டயர்தான். அதனால் இடைவெளி அதிகமுள்ள கட்டை வேண்டும். மட் டெரைன் டயர் அதற்குத்தான். ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி நீ ஓட்டுவது தார் ரோட்டில். அங்கே அது இரைந்து காதைக் கிழிக்கும், மழையில் தார் ரோட்டில் பிரேக்கும் நீளும். ஐப்பசிக்கு மட்டும் ஒரு செட் தனியாக வைத்துக்கொள்ள வசதி இருந்தால் வை. இல்லையென்றால் நல்ல ஆல் டெரைன் போதும்.

அகல டயர் பற்றி ஒரு பெரிய சண்டை உண்டு. மேலே நாலு விரல் சேறு, கீழே கெட்டித் தரை என்றால் குறுகிய டயர் வெட்டிக்கொண்டு போய்த் தரையைப் பிடிக்கும். கீழே தரையே இல்லாத உளை, அல்லது படுகை மணல் என்றால் அகலம் மிதக்கும். நம் வாய்க்கால் கரைகள் பெரும்பாலும் முதல் வகை. கம்பெனி கொடுத்த அளவுக்கு ஒரு படி மேல் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். பெரிய டயர் போட்டால் கியர் கனக்கும், ஆக்சில் கஷ்டப்படும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். மணலில் இறங்குமுன் காற்றை 20 பவுண்டு அளவுக்குக் குறை. வெளியே வந்ததும் ஏற்ற ஒரு சின்னப் பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் தேடு. 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. கட்டை நிறைய இருந்தாலும் ஆறு ஏழு வருஷம் ஆன ரப்பர் காய்ந்துவிடும். முன்னும் பின்னும் ஒரே அளவு, ஸ்டெப்னியும் அதே அளவு. அளவு வேறுபட்ட டயரோடு ஃபோர் வீல் போட்டு ஓட்டிய வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்.

11. ஜோடனை செய்த வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்காதே. கம்பெனி செய்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொன்னது. சோதனையில் நிறுத்தினால் அபராதம் கட்டுபவன் நீ, மாட்டியவர் இல்லை. ஸ்னார்கல் வைத்த வண்டியைப் பார்த்தால் எனக்கு ஒரு கேள்விதான்: இன்ஜினுக்கு மூச்சு வரும், ஒயருக்கும் பேரிங்குக்கும் யார் மூச்சு கொடுப்பது?

12. காகிதத்தை வண்டி பார்த்த அதே நாளில் பார். ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் தேடி, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடு. பழைய ஜீப்புகளில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் வைப்பது ஒரு காலத்தில் ஊர் வழக்கம். ஆர்சியில் இன்னும் பெட்ரோல் என்றே இருந்தால், இன்ஜின் எண்ணும் பொருந்தாது, இன்சூரன்ஸும் கைகொடுக்காது. பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பெரும்பாலான விவரம் வந்துவிடும். கடன் பாக்கி இருந்தால் படிவம் 35 வாங்காமல் பணம் கொடுக்காதே. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

15 வருஷம் ஆனதும் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதோடு பசுமை வரி, அதற்கு முன்னால் பட்டறைச் செலவு. இதையெல்லாம் சேர்த்துத்தான் விலை.

டெல்லி வண்டி மலிவாக வரும். அங்கே டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுள் என்று விதி வந்ததிலிருந்து தெற்கே லாரியில் இறங்குகின்றன. சிலது உண்மையிலேயே நல்ல வண்டி. ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டிஎன்-49 எண் விழும்வரை வண்டி உன்னுடையது இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிட்டு ஏஜெண்ட் வீட்டு வாசலில் நிற்காதே.

அரசாங்க ஜீப் ஏலத்தில் எடுத்து ஓட்டிய காலமும் முடிந்தது. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் விதி. அவை உடைக்கத்தான் போகும். ஏலத்தில் எடுத்தது என்று யாராவது அத்தகைய வண்டியைக் காட்டினால் எந்த வருஷ ஏலம் என்று கேள்.

13. கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வை. வாங்கிய முதல் ஆறு மாதத்தில் அது தானாகக் கரையும்: எல்லா எண்ணெயும், பிரேக், கிளட்ச், கிராஸ், பேட்டரி, டயர். ஐந்து லட்சம் இருக்கிறது என்று ஐந்து லட்சத்துக்கு வண்டி எடுத்தவன் அதைக் கொட்டகையில் நிறுத்தி வைத்துத்தான் பார்ப்பான்.

14. வாங்கியபின் எங்கே போகக் கூடாது என்பதும் வாங்குவதில் சேர்ந்ததுதான்.

நட்ட வயலில் இறங்காதே. வரப்பில் ஒரு சக்கரம் ஏறினால் அடுத்தவன் கட்டிய தண்ணீர் உன் தடம் வழியாக வடிந்துபோகும். அந்தச் சண்டை மூன்று தலைமுறைக்கு நிற்கும். கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம். வெளிமானுக்குப் பின்னால் ஜீப் ஓட்டிப் படம் எடுத்தால் வழக்கு வரும், வர வேண்டியதும்தான். முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் படகில் போ.

கொள்ளிடம் மணலில் ஓட்ட எல்லாருக்கும் ஆசை. அங்கே இரண்டு ஆபத்து. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குக் கீழே மறைந்திருக்கும். மேட்டூர் நிரம்பி உபரி வந்தால் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத்தான் திருப்பிவிடுவார்கள். சாயங்காலம் மணலாக இருந்த இடம் விடியும்போது ஆறாக இருக்கும். 2018 ஆகஸ்டில் அந்த வேகம் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளையே அடித்துக்கொண்டு போனது. உன் ஜிப்சி எம்மாத்திரம்? இன்னொன்று, இரவில் ஆற்றுக்குள் நிற்கும் எந்த வண்டியும் போலீஸ் கண்ணில் மணல் வண்டிதான்.

புயலுக்கு உதவும் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் 2018 நவம்பர் 16 கஜாவுக்கு மறுநாள் பட்டுக்கோட்டைப் பக்கம் ரோடு முழுக்கத் தென்னை கிடந்தது. அங்கே ஃபோர் வீலைவிட மரம் அறுக்கும் மெஷினும் அரிவாளும்தான் வழி திறந்தன. புயலுக்கு என்றால் அவற்றையும் வண்டியில் வை.

15. மாட்டாத வண்டி கிடையாது. ஃபோர் வீலின் குணமே, டூ வீல் வண்டி மாட்டும் இடத்தைத் தாண்டி, இன்னும் உள்ளே போய் மாட்டுவது. டூ வீலில் ஓட்டிக்கொண்டே போய், வழுக்கினால் ஃபோர் வீல் போட்டுப் பின்னால் வா. முன்னால் போவதற்கு அதைச் செலவழிக்காதே. சக்கரம் ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்த உடனே காலை எடு. இரண்டு நிமிஷம் உறுமினால் அச்சு தரையில் உட்கார்ந்துவிடும்.

வாங்கும்போதே இழுக்கும் கொக்கி முன்னும் பின்னும் சேசிஸில் இருக்கிறதா பார். பம்பரில் மாட்டியிருப்பது கொக்கி இல்லை, ஆளைக் கொல்லும் இரும்பு. நல்ல இழுவை பெல்ட் ஒன்று, ஷாக்கிள் இரண்டு, மண்வெட்டி ஒன்று, இரண்டு பலகை, ஜாக்கிக்குக் கீழே வைக்க ஒரு கட்டை. சங்கிலி போட்டு வெட்டி இழுக்காதே. இழுக்கும்போது பெல்ட்டின் நீளத்துக்கும் அதிகமான தூரத்தில் எல்லாரும் விலகி நிற்கட்டும். நம் ஊரில் ஒரு வண்டி மாட்டினால் முப்பது பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள், முதலில் பிள்ளைகளைக் கரைக்கு மேலே ஏற்று.

நீ போகும் பக்கத்து ஊர்களில் டிராக்டர் வைத்திருப்பவர்களின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள். கூப்பிட்டால் கேஜ் வீலோடு வந்து பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள். டீசலுக்கும் ஆள் கூலிக்கும் அங்கேயே பணம் கொடு; தெரிந்தவர், சொந்தக்காரர் என்று தட்டிக் கழிக்காதே. உன் வண்டி உடைத்த கரையை, அந்த மண்வெட்டியால் நீயே அன்றைக்கே சரிசெய்துவிட்டு வா.